கேட்ட விகுதி

பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணலில் அவளிடம் கேட்ட முதல் கேள்வியே, "மேடம், நீங்க மொழியியல்காரங்களா, ஊழியக்காரங்களா?" என்பதுதான். கேட்டவர் வெளியூரிலிருந்து வந்த நிபுணர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அவளும் சிரித்துக்கொண்டே "ரெண்டும்தான்" என்றாள். சொன்ன மாத்திரத்திலேயே தெரிந்துவிட்டது, அந்தப் பதில் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஒருவருக்கும் ருசிக்கவில்லை. துறைத்தலைவர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். மிச்ச நேரம் முழுக்க அவளுடைய கட்டுரைகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வேதாகமத்தை மொழிபெயர்க்கிறவருக்குப் பல்கலைக்கழகம் எதற்குச் சம்பளம் தர வேண்டும் என்பதையே ஆளுக்கொரு விதமாகச் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவர் பல் டாக்டர். "என்கிட்ட வர்றவங்க வாயைத் திறந்தா பேச முடியாது. உன் ஆளுங்க வாயைத் திறந்தா மூட முடியாது" என்றார். வழக்கமாக இதற்குச் சிரிப்பவள் அன்று சிரிக்கவில்லை.

மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப்பெயர் விகுதி மேடம். காரணம் இல்லாமல் இல்லை. 'மழை பெய்தது' என்று நாம் சொல்லலாம், 'மழை பெய்ததாம்' என்றும் சொல்லலாம். அந்த 'ஆம்' போடுவதும் போடாததும் நம் இஷ்டம். ஆற்றுக்கு அப்பால் மலையடிவாரக் குடியிருப்புகளில் சில ஆயிரம் பேர் பேசும் ஒரு மொழியில் அது இஷ்டமில்லை, கட்டாயம். எந்த வினைச்சொல்லை எடுத்தாலும் அதன் வாலில் இரண்டில் ஒன்று ஒட்டியாக வேண்டும். கண்ணால் பார்த்ததற்கு ஒன்று, காதால் கேட்டதற்கு ஒன்று. பார்த்த விகுதி, கேட்ட விகுதி என்று அவள் பெயர் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டில் திருடன் புகுந்ததைப் பார்த்த விகுதியில் சொல்லிவிட்டால், நீயும் கூடப் போயிருந்தாயா என்று அடுத்த கேள்வி வந்துவிடும் என்று வகுப்பில் சொல்லுவாள். மாணவர்கள் சிரிப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் சிரிப்பார்கள்.

முனைவர் பட்டத்துக்கு அவள் எடுத்துக்கொண்டதும் அந்த விகுதிகளைத்தான். அவள் ஆய்வேட்டை முடித்த சமயத்தில் அவளுடைய தம்பி போதகர் பட்டம் வாங்கி அதே குடியிருப்புகளுக்கு ஊழியத்துக்குப் போனான். ஒருநாள் போன் பண்ணினான். "அக்கா, நீ படிச்ச படிப்பு அலமாரியில தூங்கறதுக்கா? இந்த ஜனங்களுக்கு எழுத்துன்னு ஒண்ணு கிடையாது. ஒரு லீவுக்கு வந்துட்டுப் போ" என்றான். ஒரு லீவுக்கு என்று போனவள்தான். எழுத்துமுறை, பிள்ளைகளுக்கு ஒரு முதல் புத்தகம், ஒரு சின்ன அகராதி என்று ஆரம்பித்து, நான்கு நற்செய்திகளில் சிறியதை மொழிபெயர்த்து முடிப்பதற்குள் தலைமுடியில் பாதி வெளுத்துவிட்டது. இதற்கு நடுவே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினாள், பிள்ளைகளைப் படிக்க வைத்தாள், மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள். விசுவாசம் உண்டா என்று கேட்டால் அவளே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்லுவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தன் வீட்டுப் பக்கத்து ஆலயத்துக்குப் போவாள். போய் உட்கார்ந்து, பிரசங்கத்தின் வாக்கியங்களை மனசுக்குள் திருத்திக்கொண்டிருப்பாள்.

மொழிபெயர்ப்பு வேலை நடந்த இடம் டயர் கடைக்கு மேலே ஓர் அறை. ரப்பர் வாசனை மாடிப்படியிலேயே ஆரம்பித்துவிடும். கீழே டயருக்குக் காற்றடிக்கும்போது மேலே பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். மின்விசிறியைப் போட்டால் காகிதமெல்லாம் பறக்கும் என்பதால், பல் டாக்டர் பல் செட்டுக்கு அச்செடுத்துக் கழித்துக்கட்டிய பிளாஸ்டர் தாடைகளைக் கொண்டுவந்து பாரமாக வைத்திருந்தார்கள். முதல்முறை வருகிறவர்கள் மேசைமேல் வரிசையாகப் பல் இளிப்பதைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள். அந்த மொழியையே தாய்மொழியாகக் கொண்ட இரண்டு பேர் அங்கே அவளோடு வேலை செய்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இன்னொருத்தி சுகாதார நிலையத்தில் நர்ஸ். டிரைவருக்கு எதிலும் அவசரம். நர்ஸம்மாவுக்கு எதிலும் சந்தேகம். இருவருக்கும் நடுவில் அவள் ஒரு வாக்கியத்தை இழுத்துக்கொண்டு போவாள்.

நேர்காணல் நடந்த அதே வாரம், வேதாகமத்தை அச்சிடும் சங்கத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து ஆலோசகர் வந்தார். அச்சுக்குப் போகுமுன் அவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அது விதி. அவருக்கு அந்த மொழி தெரியாது. அதனால் மொழிபெயர்ப்பைச் சொல்லுக்குச் சொல் மறுபடியும் அவருக்குத் தெரிந்த மொழியில் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். நிதானமான மனிதர், குரலை உயர்த்தாதவர். முதல் நாள் முழுக்கக் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். இரண்டாம் நாள் காலை டீ வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

வந்தாராம், சொன்னாராம், கையை நீட்டினாராம், குணமானானாம் என்று புத்தகம் முழுக்க 'ஆம்' போட்டிருக்கிறதே, இதை வாசிக்கிறவன் என்ன நினைப்பான் என்று கேட்டார். ஊர் வம்பு மாதிரி இருக்கிறது, எழுதினவர்களுக்கே நம்பிக்கையில்லை போல் இருக்கிறது என்றார்.

அவள் பொறுமையாக விளக்கினாள். அது சந்தேகம் இல்லை, இலக்கணம். தன் தாத்தா பிறந்ததைக்கூட அந்த ஜனங்கள் கேட்ட விகுதியில்தான் சொல்வார்கள். அதனால் தாத்தா பிறக்கவில்லை என்று யாரும் நினைப்பதில்லை.

ஆலோசகர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, "தாத்தா பொறந்ததை யாரும் விசுவாசிக்க வேண்டியதில்லையேம்மா" என்றார்.

அது நல்ல பதில் என்பது அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே கோபம் தலைக்கேறியது. கையில் கிடைத்த தாடையை மேசைமேல் சற்று பலமாக வைத்துவிட்டாள். ஒரு கடைவாய்ப்பல் உடைந்து உருண்டது. டிரைவர் அதைப் பொறுக்கி எடுத்து, பார்த்த விகுதி போட்டால் தன்னால் அதை நாலு பேர் முன்னால் வாசிக்க முடியாது என்று அவள் பக்கம் நின்றார். நர்ஸம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் மௌனத்தை விகுதி மேடம் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

தம்பிதான் மொழிபெயர்ப்புக் குழுவின் செயலாளர். அக்காவுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தான். கடைசியில் ஒரு வழி சொன்னான். ஒரே பகுதியை இரண்டு விதமாகவும் எழுதிச் சபையார் முன்னால் வாசிப்போம், அவர்களுக்கு எது சரி என்று படுகிறதோ அதுதான் முடிவு. ஆலோசகர் ஒத்துக்கொண்டார். அவளும் ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்டது மட்டுமில்லை, சந்தோஷமாக ஒத்துக்கொண்டாள். பார்த்த விகுதியைக் கேட்டதும் கூட்டம் சிரிக்கும், ஆலோசகர் தன் காதாலேயே கேட்டுக்கொள்வார், கதை முடிந்தது என்று நினைத்தாள். வினாத்தாளைத் தானே தயாரித்த பரீட்சைக்குப் போகிறவளைப் போலத் தெம்பாக இருந்தாள்.

வாசிப்பு குடியிருப்பின் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பெஞ்சுகளை ஓரம் தள்ளிப் பாய் விரித்திருந்தார்கள். படகில் போகும்போது புயல் வரும் பகுதியை எடுத்துக்கொண்டு டிரைவர் முதலில் கேட்ட விகுதியில் வாசித்தார். கூட்டம் சுகமாகக் கேட்டது. புயல் அடங்கிய இடத்தில் ஒரு குழந்தை கைதட்டியது. அடுத்து அதே பகுதியைப் பார்த்த விகுதியில் ஆரம்பித்தார். நாலு வரி தாண்டுவதற்குள் பின்னாலிருந்து ஒருவன், "ஏன் டிரைவரே, அந்தப் படகையும் நீங்கதான் ஓட்டினீங்களா?" என்றான். பள்ளிக்கூடமே சிரித்தது. அவள் ஆலோசகரைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் இவ்வளவு நிம்மதியாக அவள் மூச்சு விட்டதில்லை.

வாசித்து முடித்ததும் தம்பி எழுந்து, எது வேண்டும், யார் வேண்டுமானாலும் பேசலாம் என்றான். பிறகு நர்ஸம்மா எழுந்தாள்.

தனக்கு இரண்டாவதுதான் வேண்டும் என்றாள். முதலாவது நரிக் கதை மாதிரி இருக்கிறது, வீட்டில் பிள்ளைகளைத் தூங்க வைக்கச் சொல்வது மாதிரி இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சபைக்காரர்கள் ஏற்கெனவே நம்மை இளக்காரமாகப் பார்க்கிறார்கள், நம் வேதம் மட்டும் 'ஆம், ஆம்' என்று இருந்தால் இன்னும் சிரிப்பார்கள். பிறகுதான் முக்கியமானதைச் சொன்னாள்.

"ஆலயத்துல போதகர் எப்பவும் பார்த்த மாதிரிதானே சொல்றாரு. நாங்க ஜெபம் பண்றதும் அப்படித்தான். வீட்டுப் பேச்சு வேற, ஆலயப் பேச்சு வேற."

விகுதி மேடம் தம்பியைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு எல்லாம் ஒரே நேரத்தில் புரிந்தது. தம்பிக்குக் கேட்ட விகுதி ஒருநாளும் நாக்கில் நின்றதில்லை. ஊழியத்துக்கு வந்த புதிதில் கற்றுக்கொண்ட பார்த்த விகுதியை வைத்தே எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிட்டான். உலகம் படைக்கப்பட்டதையும் தானே பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி பிரசங்கம் பண்ணுவான். அக்காளும் அத்தானும் வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவன் பேசுவது தப்பு என்று சபையார் திருத்தவில்லை. படித்த போதகர் இப்படிப் பேசுகிறார் என்றால் கடவுளைப் பற்றி இப்படித்தான் பேச வேண்டும் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் பிள்ளைகளும் அப்படியே ஜெபிக்கப் பழகிவிட்டார்கள்.

இது அவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? அவள் சந்தையில் பதிவு செய்தாள், பஸ்ஸில் பதிவு செய்தாள், கல்யாண வீட்டில், குழாயடியில் பதிவு செய்தாள். ஆலயத்துக்குள் மட்டும் ஒலிப்பதிவுக் கருவியைக் கொண்டுபோனதே இல்லை. அங்கே பேசுவது கலப்படம், வெளியே பேசுவதுதான் அசல் என்பது அவள் எண்ணம்.

கையைத் தூக்கச் சொன்னார்கள். டிரைவரும் இன்னும் சிலரும் முதலாவதற்குத் தூக்கினார்கள். படகு யார் ஓட்டினது என்று கேட்டுச் சிரிக்க வைத்தவன்கூட இரண்டாவதற்குத்தான் தூக்கினான்.

அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, அவர்கள் மொழியிலேயே, கேட்ட விகுதியும் பார்த்த விகுதியும் இம்மி பிசகாமல், இது தப்பு, உங்கள் மொழியில் இப்படிச் சொல்ல முடியாது என்றாள்.

முன்வரிசையில் இருந்த ஒரு பெண், கோபமே இல்லாமல், "எங்க பாஷையில எது சரி, எது தப்புன்னு நாங்கதானே டீச்சர் சொல்லணும்?" என்று கேட்டாள்.

முதலாண்டு மாணவர்களுக்கு ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பில் அவள் சொல்லிக்கொடுப்பதும் அதுதான். விகுதி மேடம் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பி வரும்போது காரில் தம்பியும் அவளும் மட்டும் இருந்தார்கள். பாலத்தின்மேல் வண்டி ஏறியதும் அவளுக்கு அடக்க முடியவில்லை.

"உன் நாக்கு திரும்பாததுக்கு ஒரு பாஷையே திரும்பிப்போச்சுடா. நான் சொல்லித்தர்றேன் சொல்லித்தர்றேன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்? ஒரு நாளாவது வந்து உட்கார்ந்தியா?"

அவன் பாலம் முடிந்து சாலை ஓரமாக வண்டியை நிறுத்தினான்.

"அக்கா, எனக்கு வரல. நான் என்ன வேணும்னா தப்பாப் பேசினேன்? அந்த நாக்கை வெச்சுக்கிட்டுதான் அவங்க பிள்ளைங்களுக்குப் பேர் வெச்சேன். அவங்க வீட்டுச் சாவுக்கெல்லாம் ஜெபம் பண்ணினேன். அப்ப யாரும் விகுதியைப் பார்க்கல."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நியாயம் அவன் பக்கம் கொஞ்சம் இருந்தது. இலக்கணம் முழுக்க அவள் பக்கம் இருந்தது. இரண்டையும் எப்படிக் கூட்டிக் கழித்தாலும் அவளுக்கு மிஞ்சியது எரிச்சல்தான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை அவள் வாழ்க்கையில் சேர்த்துக்கொள்ளவே மாட்டாள். புத்தகம் முழுக்க விகுதியை மாற்ற வேண்டும். கம்ப்யூட்டரில் ஒரே தட்டில் மாற்றிவிடலாம் என்று ஆலோசகர் எழுதியிருந்தார். முடியாது. கதை சொல்கிறவர் பேசும் இடத்தில் மாற்ற வேண்டும், கதைக்குள் வருகிற ஒருத்தி தன் காதில் விழுந்ததைச் சொல்லும் இடத்தில் மாற்றக்கூடாது. எது எது என்று ஒவ்வொரு வினைச்சொல்லாகப் பார்க்க ஆள் வேண்டும். அதைப் பிழையில்லாமல் செய்யத் தெரிந்த ஆள் அவள் ஒருத்திதான். தான் கட்டின சுவரைத் தானே கல் கல்லாகப் பெயர்க்கிற வேலை. டயர் கடைக்காரன் கீழே காற்றடிக்கும்போதெல்லாம் அவள் வாய்விட்டுத் திட்டுவாள். மற்ற நேரத்தில் யார் காதிலாவது விழுந்துவிடும் என்பதால் அந்தச் சத்தத்துக்காகவே காத்திருப்பாள்.

அந்த வேலைக்கு நடுவில்தான் பதவி உயர்வு முடிவு வந்தது. கிடைக்கவில்லை. அவளிடம் படித்த ஒருவனுக்குக் கிடைத்தது. அவன் நல்ல பையன், நேரில் வந்து ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு போனான். அவளுடைய கட்டுரைகளில் இருந்த மொழிச் சான்றுகளில் பெரும்பகுதி மதநூல் மொழிபெயர்ப்பின் பாதிப்புக்கு உட்பட்டிருக்கலாம் என்று நிபுணர் குறித்திருந்தார். ஆலயத்தின் நிழல் படக்கூடாது என்று அத்தனை வருஷம் அவள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த சான்றுகள் அவை.

துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஆறுதல் சொன்னார். பேச்சுவாக்கில் அவள் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னாள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை எழுதுங்க மேடம். மத்ததெல்லாம் விடுங்க. இதுதான் ஆராய்ச்சி" என்றார். தன்னைத் தோற்கடித்த சமாசாரத்தைக் காட்டித்தான் தான் ஜெயிக்க வேண்டுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருந்தாலும் எழுதினாள். தம்பியிடம் கேட்டுவிட்டே எழுதினாள். பெயர் போடாதே என்று மட்டும் சொன்னான். கட்டுரையை ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினாள். அது திரும்பி வந்தது. வேற்றுமொழிக்காரரான ஒரு போதகரின் பிழையால் ஒரு சமூகத்தின் இலக்கணம் மாறியது என்பது நம்பும்படியாக இல்லை, ஆலயத்துக்குள் பதிவு செய்த பழைய ஒலிநாடாக்கள் இருந்தால் இணைக்கவும் என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார்.

பல் டாக்டர் அதை வாசித்துவிட்டு, "கேட்டதை எழுதினா பார்த்தியான்னு கேக்கிறாங்க" என்றார். இந்தத் தடவை அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதாள்.

புத்தகம் வெளிவந்தது. அதே பள்ளிக்கூடத்தில் விழா. அட்டைக்கு உள்பக்கத்தில் 'மொழி உதவி' என்று அவள் பெயர் பொடி எழுத்தில் இருந்தது. நர்ஸம்மாதான் வாசித்தாள். நன்றாகவே வாசித்தாள். ஜனங்கள் கண்ணை மூடிக் கேட்டார்கள். விகுதி மேடத்துக்கு மட்டும் ஒவ்வொரு வினைச்சொல்லும் சோற்றில் கல் மாதிரி பல்லில் இடறியது. ஆலோசகர் வந்து கையைப் பிடித்து, அடுத்த புத்தகத்தையும் நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தான். அத்தான் இன்னும் கிளினிக்கிலிருந்து வரவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடிக்காமல் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

"அக்கா, அந்தக் கேட்ட விகுதியை எனக்கு ஒழுங்காச் சொல்லிக் கொடு" என்றான்.

அவளுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகமாகிவிட்டது. "இப்பவா? புத்தகம் அச்சாகி வந்தப்புறமா?"

பிரசங்கம் வர மாட்டேன் என்கிறது என்றான். காரில் அவள் பேசினதிலிருந்து இப்படித்தான். மேடையில் ஏறி வாயைத் திறந்தால் ஒவ்வொரு வினைச்சொல்லிலும் நாக்கு நின்றுவிடுகிறது. இது பார்த்ததா, கேட்டதா என்று தேடுவதற்குள் சொல்ல வந்ததே மறந்துவிடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பாதியில் நிறுத்திவிட்டுப் பாட்டுப் பாடச் சொல்லிவிட்டான். போதகருக்கு உடம்பு சரியில்லையோ என்று சபையார் விசாரிக்கிறார்கள்.

பழையபடியே பேசுடா, அதுதான் இப்போது சரி, புத்தகத்திலேயே போட்டாயிற்று என்றாள். அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"முடியலக்கா. தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிப் பேசறது?"

பிடிவாதத்தில் அவனும் அவளும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். அவள் எழுந்து போய்க் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். எதிரே உட்கார்ந்து, முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தாள். 'என் அப்பா ஊருக்குப் போனார்' என்பதைப் பார்த்த விகுதியில் சொல்லிக் காட்டினாள். அவன் திருப்பிச் சொன்னான். அதையே நீ அங்கே இல்லாதபோது அவர் போயிருந்தால் எப்படிச் சொல்லுவாய் என்று கேட்டாள். அவன் யோசித்தான். விரலால் மேசையில் எதையோ எழுதிப் பார்த்தான். பிறகு, அப்பா ஊருக்குப் போனதை, வாசலில் நின்று கையசைத்தவன் மாதிரி, மறுபடியும் பார்த்த விகுதியிலேயே சொன்னான்.

"இல்லடா" என்றாள் அவள். "திரும்பச் சொல்லு."